கடைசிக் கிணற்றைத் தாண்டிய கட்டங்களை என்ன செய்வது?

கடலோர வட்டம் (தாலுகா) ஒன்றில் 43 கிணறுகளின் நீர்மட்டம் உங்கள் கையில் இருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் அதை 500 மீட்டர் கட்டங்களாக மாற்றுகிறீர்கள். நடுவில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. ஓரத்துக்குப் போனால் ஒரு முறை கட்டங்களைக் காலியாக விடுகிறது, இன்னொன்று கிணற்றைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போடுகிறது, மூன்றாவது கடற்கரையில் மைனஸ் 20 மீட்டர் என்கிறது. "ஓர விளைவே வராத முறை எது? வழிகாட்டி முழு வட்டத்துக்கும் வரைபடம் கேட்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டது ஒரு முறையின் பெயரைத்தான். ஆனால் உங்களைக் குடைவது வேறு என்று நினைக்கிறேன்: கடைசிக் கிணற்றுக்கு அப்பால், ஒன்றும் அளக்காத இடத்தில், என்ன எண்ணை எழுதுவது, எழுதத்தான் வேண்டுமா? நிலத்தடி நீர் வரைபடங்களோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்கிறேன். கணிதம் என் தொழில் இல்லை. தேற்றங்களை நிரூபித்துக் காட்டச் சொன்னால் நழுவிவிடுவேன்.

பள்ளிப் புத்தகத்தில் இன்டர்பொலேஷனுக்கு இடைச்செருகல் என்று பெயர், எக்ஸ்ட்ராபொலேஷனுக்குப் புறச்செருகல். சுவடி பதிப்பிப்பவர்களும் இடைச்செருகல் என்பார்கள். மூல ஆசிரியர் எழுதாத பாட்டைப் பின்னால் வந்தவர் நடுவில் நுழைத்தால் அது இடைச்செருகல். நாமும் அதே வேலையைத்தான் செய்கிறோம், கொஞ்சம் நாணயமாக. கிணறுகளுக்கு நடுவே நுழைக்கும் எண்ணுக்கு நாலு பக்கமும் சாட்சி உண்டு. ஓரத்தில் சாட்சி ஒரு பக்கம்தான். சிக்கல் என்னவென்றால், மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பொத்தான். எந்தக் கட்டத்தில் இடைச்செருகல் முடிந்து புறச்செருகல் தொடங்கியது என்று அது சொல்வதில்லை. ஒரே வண்ணத்தில், ஒரே துல்லியத்தோடு, இரண்டு தசமத்துக்கு எழுதிக் கொடுத்துவிடும்.

மூன்றே கிணறுகளை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கடற்கரைக்குச் செங்குத்தாக ஒரு கோடு. கடலிலிருந்து 10 கி.மீ., 6 கி.மீ., 4 கி.மீ. தூரத்தில் கிணறுகள். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் முறையே 12, 9, 7 மீட்டர். கடற்கரையில் எவ்வளவு? அருகிலிருக்கும் கிணற்றை அப்படியே எடுத்தால் 7. கடைசி இரண்டு கிணறுகளின் சரிவை நேர்க்கோடாக நீட்டினால் 3. மூன்றுக்கும் சேர்த்து ஒரு நேர்க்கோடு பொருத்தினால் 3.9. மூன்று வழியாகவும் ஒரு பரவளையம் வரைந்தால் 2. கிட்டே இருக்கும் கிணற்றுக்கு அதிகம், தள்ளி இருப்பதற்குக் குறைவு என்று தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாக எடை போடும் ஐடிடபிள்யூ முறையில் 8.05. கடைசி எண்ணைக் கவனியுங்கள். கடலை நோக்கி இறங்கி வந்த நீர்மட்டம், கடைசிக் கிணற்றைத் தாண்டியதும் மறுபடி ஏறுகிறது. 2 கி.மீ. தூரத்தில் 7.62, கரையில் 8.05. இந்த வரைபடத்தில் அம்புக்குறி போட்டால் கடலிலிருந்து தண்ணீர் கரைக்கு ஏறி வரும்.

இதை நிரலில் உள்ள பிழை என்று நினைக்க வேண்டாம், ஐடிடபிள்யூவின் சுபாவமே அதுதான். 1968-இல் டொனால்ட் ஷெப்பர்ட் வெளியிட்ட இந்த முறை எடை போட்ட சராசரி. கையிலிருக்கும் பெரிய எண்ணுக்கு மேலும் சின்ன எண்ணுக்குக் கீழும் போகவே முடியாது. தூரம் போகப் போக எல்லாக் கிணறும் ஏறக்குறைய ஒரே தொலைவாகிவிடுவதால், எடைகள் சமமாகி, பதில் வெறும் கூட்டுச் சராசரியில் போய் உட்காரும். நம் கணக்கில் 9.33. நீங்கள் பார்த்த வட்டங்களும் இதன் குழந்தைகள்தான்: ஓரத்துக் கிணறு தாழ்ந்திருந்தால், அதற்கு அந்தப் பக்கமும் மதிப்பு சராசரியை நோக்கி ஏறும், கிணறு ஒரு பள்ளத்தின் நடுவில் இருப்பதுபோல் தெரியும். பரவளையம் மட்டும் யோக்கியமா என்றால், அதையே கடலுக்குள் 10 கி.மீ. நீட்டுங்கள், மைனஸ் 16.3 வரும். கரையில் அது கொடுத்த 2 மீட்டர் நம்பும்படி இருந்தது தற்செயல்.

இந்த ஆறு மீட்டர் வித்தியாசம் வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. கடலோரத்தில் நன்னீர் உப்புநீர் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கைபன்–ஹெர்ஸ்பெர்க் கணக்கு. 2 மீட்டர் என்றால் 80 மீட்டர் ஆழம். ஐடிடபிள்யூவின் 8.05-ஐ நம்பினால் 322 மீட்டர். அதை வைத்து ஒருவர் போர்வெல் ஆழம் முடிவு செய்தால் உப்புத்தண்ணீரில்தான் கை நனையும்.

உங்கள் மைனஸ் 20-க்கு வருகிறேன். பைத்தானின் கணக்கு நூலகமான சைபையின் ஆர்பிஎஃப் இன்டர்பொலேட்டரை எதையும் மாற்றாமல் ஓட்டியிருந்தால் அது தின் பிளேட் ஸ்பிளைன். மெல்லிய தகட்டைக் கிணறுகள்மேல் ஆணி அடித்து வைத்ததுபோல் கற்பனை செய்துகொள்ளுங்கள். கடைசி ஆணியைத் தாண்டிய தகடு, அங்கே எந்தச் சரிவில் விட்டதோ அந்தச் சரிவிலேயே கிட்டத்தட்ட நேராகப் போகும். ஓரத்தில் 300 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிணறுகள் இருந்து, ஒன்றில் காலையில் மோட்டார் ஓடியதால் மட்டம் 1 மீட்டர் இறங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். சரிவு கிலோமீட்டருக்கு 3.3 மீட்டர். அது 6 கி.மீ. தூரத்துக்கு நீண்டால் 20 மீட்டர் பள்ளம். உங்கள் தரவைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நான் முதலில் தேடுவது ஓரத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு கிணறுகளைத்தான். இருந்தால், களக் குறிப்பில் எந்தக் கிணற்றில் எப்போது இறைத்தார்கள் என்று பாருங்கள். அந்தக் கிணற்றை விலக்கவோ, ஸ்மூதிங் மதிப்பைப் பூஜ்யத்திலிருந்து உயர்த்தித் தகட்டைக் கொஞ்சம் தளர்த்தவோ செய்யலாம். ஜிஎம்டி என்ற வரைபட மென்பொருள் தொகுப்பின் சர்ஃபேஸ் கட்டளையில் இதற்கென்றே இழுவிசை என்று ஒரு அளவு உண்டு. புவியீர்ப்பு, காந்தப்புலம் போன்ற தரவுக்கு 0.25, செங்குத்தான நில அமைப்புக்கு 0.35 என்று அதன் கையேடே பரிந்துரைக்கிறது. இழுவிசை கூடக் கூட ஓரத்துத் துள்ளல் அடங்கும்.

காலியாக விட்ட முறை முக்கோண முறை. வெளிக்கிணறுகளைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டினால் கிடைக்கும் வடிவத்துக்குள் மட்டும் அது கணக்குப் போடும், வெளியே வெற்று மதிப்பு. மூன்றில் நாணயமானது அதுதான், நீங்கள் அதைத்தான் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள்! ஆனால் அதிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. ரப்பர் பேண்டின் உள்விளிம்பில், தூரத்திலிருக்கும் இரண்டு ஓரக் கிணறுகளை இணைத்துக் கத்திபோல மெலிந்த முக்கோணங்கள் விழும். 15 கி.மீ. நீளம், அரை கி.மீ. அகலம். வடகோடிக் கிணறும் தென்கோடிக் கிணறும் பக்கத்து வீடு என்று அது நினைத்துக்கொள்ளும். வரைபடத்தில் விளிம்போரம் நீளநீளமாகக் கீற்றுகள் தெரிந்தால் அவைதான். ஒரு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் பக்கம் உள்ள முக்கோணங்களைத் தூக்கி எறியுங்கள். வெளியே காலியாக உள்ளதை, அருகிலிருக்கும் கிணற்றின் எண்ணையே எடுக்கும் நியரஸ்ட் முறையால் நிரப்பு என்று இணையம் முழுக்க ஆலோசனை கிடைக்கும். பார்வைக்குச் சரி. ஆனால் இரண்டும் சேரும் கோட்டில் ஒரு படிக்கட்டு விழும், சரிவு கணக்கிடும்போது அந்தப் படிக்கட்டு மலையாகத் தெரியும்.

கிரிகிங் என்ற முறையைப் பற்றியும் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர் டேனி கிரிகே 1950-களில் தங்கச் சுரங்கங்களுக்காகத் தொடங்கிய வழி, பிரான்சில் மாத்தெரோன் அதற்குக் கோட்பாடு கட்டினார். ஓரத்தில் அதுவும் வித்தை காட்டாது. தூரம் கூடக் கூடக் கிணறுகளின் மதிப்பு எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் கோடு வேரியோகிராம்; எந்தத் தூரத்துக்கு மேல் கிணறுகளுக்குள் தொடர்பு இல்லையோ அது அதன் வீச்சு. அந்த வீச்சைத் தாண்டினால் சாதாரணக் கிரிகிங்கும் ஒரு சராசரிக்குத்தான் திரும்பும். போக்கையும் சேர்த்துப் பொருத்தும் யூனிவர்சல் கிரிகிங் அந்தப் போக்கை நீட்டிக்கொண்டே போகும், நம் நேர்க்கோடு, பரவளையம்போல. ஆனாலும் நான் கிரிகிங்கையே பயன்படுத்துகிறேன், காரணம் ஒன்றுதான்: மதிப்போடு கூடவே அதன் ஐயத்தையும் ஒரு வரைபடமாகத் தருகிறது. ஓரத்தில் அந்த ஐயம் ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். அந்த எண் கிணறுகள் எங்கே இருக்கின்றன, வேரியோகிராம் என்ன என்பதை மட்டும் பொறுத்தது. அளந்த மதிப்புகள் அங்கே தாறுமாறாக இருக்கின்றனவா என்று அதற்குத் தெரியாது.

நான் பட்ட அடி ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலோரப் பகுதி ஒன்றின் நீர்மட்ட வரைபடத்தில் தென்கிழக்கு மூலையில் ஒரு பள்ளம் அழகாக விழுந்தது. அடர் சிவப்பு. "அதிகமாக நீர் இறைக்கப்படும் பகுதி" என்று கீழே நானே எழுதினேன். அறிக்கையும் போய்விட்டது. ஆறேழு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, ஜீப்பை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம். கிணறும் இல்லை, இறைக்க மோட்டாரும் இல்லை, வயலும் இல்லை. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இங்கே கிணறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "உப்பளத்துல எவன் தம்பி கெணறு வெட்டுவான்?" என்றார். மிக அருகிலிருந்த கிணறே ஐந்து கி.மீ. உள்ளே இருந்தது. அதிலிருந்து நீண்ட சரிவுதான் என் பள்ளம். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: வரைபடம் எதுவாக இருந்தாலும் கிணறுகளைக் கரும்புள்ளியாக மேலே போடாமல் வெளியே விடுவதில்லை. புள்ளி இல்லாத இடத்தில் அழகான உருவம் தெரிந்தால் முதல் சந்தேகம் என்மேல்தான்.

எனவே முறையைத் தேர்வதற்கு முன்னால், உங்கள் நான்கு ஓரங்களும் என்ன ரகம் என்று தனித்தனியே பாருங்கள். மேற்கு ஓரம் வெறும் வட்ட எல்லை என்றால் அது வருவாய்த் துறை போட்ட கோடு, தண்ணீருக்குத் தெரியாது. அந்தப் பக்கமும் கிணறுகள் இருக்கின்றன, நீங்கள் வாங்கவில்லை, அவ்வளவுதான். மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது; இந்தியா-டபிள்யூரிஸ் என்ற அரசு நீர்வளத் தரவுத் தளத்தில் பக்கத்து வட்டத்தின் கிணறுகளையும் எடுத்துச் சேருங்கள், அதே மாதத்து அளவாகப் பார்த்து. எவ்வளவு தூரம் வரை? வேரியோகிராம் வீச்சு தெரிந்தால் அந்த அளவு. தெரியாவிட்டால் கிணறுகளின் சராசரி இடைவெளியைப்போல இரண்டு, மூன்று மடங்கு. இது என் கைப்பழக்கம், யாரும் நிரூபித்த விதி இல்லை. உங்கள் வட்டம் 650 சதுர கி.மீ. என்றால் ஒரு கிணற்றுக்கு 15 சதுர கி.மீ., இடைவெளி ஏறக்குறைய 3.9 கி.மீ.; ஆக 8 முதல் 12 கி.மீ. பட்டை. மழைக்கும் இதே கதை. தமிழ்நாட்டு மழைமானிகளை மட்டும் வைத்துக் கோவை மாவட்டத்துக்கு வரைபடம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கோவை நகரில் ஆண்டுக்கு 600, 700 மி.மீ. மழை, வால்பாறையில் 3,000-க்கு மேல், எல்லைக்கு அந்தப்பக்கம் பாலக்காடு. கேரள மழைமானிகள் இல்லாமல் மேற்கு ஓரத்தை எந்த முறையாலும் சரிசெய்ய முடியாது.

கிழக்கு ஓரம் கடல். அங்கே கிணறு கிடைக்காது, ஆனால் இயற்கையே ஒரு எண் தருகிறது. ஆழமில்லாத, மேலே மூடாக்கு இல்லாத நீர்த்தாங்கியாக (நிலத்தடி நீரைத் தாங்கும் அடுக்காக) இருந்தால் கரையில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கரையோரமாகக் கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் பூஜ்யம் என்று பொய்க்கிணறுகளைச் சேருங்கள். அப்போது நம் மூன்று கிணற்றுக் கணக்கில் கரை புறச்செருகலாக இருந்தது இடைச்செருகலாக மாறிவிடும். எந்த முறையைப் போட்டாலும் அது பெரிதாக ஏமாற்ற முடியாது. வற்றாத ஆறு இருந்தால் அதன் நீர்மட்டத்தையும் இப்படிச் சேர்க்கலாம். இது வரை உறுதியாகச் சொல்வேன். ஆழத்தில் களிமண்ணுக்குக் கீழே அடைபட்ட நீர்த்தாங்கி என்றால் இந்த வித்தை செல்லாது, அதன் வாய் கடலுக்கடியில் எங்கோ திறந்திருக்கலாம், கரையில் பூஜ்யம் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல ஆண்டுகள் இறைத்ததில் நீர்மட்டம் கடல்மட்டத்துக்குக் கீழே போய், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் கரையோரம் பூஜ்யங்களை வரிசையாக வைத்தால் இருக்கிற ஆபத்தையே மறைத்துவிடுவீர்கள். உங்கள் 43 கிணறுகளில் வெட்டுக்கிணறும் போர்வெல்லும் கலந்திருந்தால் அவற்றைப் பிரிப்பதுதான் முதல் வேலை. கலந்து போட்ட வரைபடத்தில் ஓரம் மட்டுமா, நடுவும் பொய்தான்.

மழை வரைபடத்தில் யாராவது கடலில் பூஜ்யம் வைத்தால் தடுத்து நிறுத்துங்கள். வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்துதான் வருகிறது, கடற்கரையில்தான் அதிகம் கொட்டுகிறது. அங்கே மழை இருக்கிறது, மானிதான் இல்லை. வானிலைத் துறையின் 0.25 பாகைக் கட்ட மழைத் தரவு ஷெப்பர்ட் முறையில், 6,955 மழைமானிகளைக் கொண்டு செய்தது. கடல்மேல் உள்ள கட்டங்களில் மைனஸ் 999 என்று எழுதி ஒதுங்கிக்கொள்கிறது. அத்தனை மானி வைத்திருப்பவர்களே அங்கே கை வைக்கவில்லை.

"கட்டங்கள் போடும் பரப்பைப் பெரிதாக எடுத்துப் பிறகு வெட்டு" என்ற ஆலோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். பாதிதான் சரி. ஐடிடபிள்யூ, ஸ்பிளைன், கிரிகிங் மூன்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கிணறுகளை வைத்துத் தனியாகக் கணக்கிடுகின்றன. பரப்பைப் பெரிதாக்கினால் உள்ளே ஒரு எண்ணும் மாறாது, கூடுதல் பொய்தான் கிடைக்கும். சர்ஃபேஸ்போல, பக்கத்துக் கட்டங்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் சரிசெய்யும் முறைகளில் மட்டும் பரப்பின் விளிம்பில் வைத்த நிபந்தனை உள்ளே கசியும், அங்கே பெரிதாக எடுப்பது பயன் தரும். சரிவு, வடிகட்டல் என்று பிற்பாடு ஏதாவது செய்வதாக இருந்தாலும் நாலைந்து கட்டம் கூடுதலாக வைத்துக் கடைசியில் வெட்டுங்கள், ஏனென்றால் கடைசி வரிசைக் கட்டத்துக்கு ஒரு பக்கம்தான் அண்டை வீடு. அப்புறம், 3.9 கி.மீ. இடைவெளியில் கிணறு வைத்துக்கொண்டு 500 மீட்டர் கட்டம் போடுவது கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும். தகவல் ஒரு துளி கூடாது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், பலர் தடுக்கி விழும் இடம் இது. நீங்கள் வைத்திருப்பது தரையிலிருந்து ஆழமா, கடல்மட்டத்திலிருந்து உயரமா? களத்தில் நாடாவைவிட்டு அளப்பது ஆழம். அதை அப்படியே கட்டமாக்கினால் தரையின் மேடு பள்ளமும் சேர்ந்து கலந்து வரும். ஒவ்வொரு கிணற்றின் தரை உயரத்திலிருந்து ஆழத்தைக் கழித்து மட்டமாக மாற்றிய பிறகுதான் நான் மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கரையில் பூஜ்யம் என்பதும் அப்போதுதான் அர்த்தப்படும்.

சோதிப்பது எப்படி? ஒவ்வொரு கிணறாக மறைத்துவிட்டு மீதி 42-ஐ வைத்து அதைக் கணிக்கும் சோதனை தெரிந்திருக்கும். அதன் பிழையை மொத்தமாக ஒரே எண்ணாகச் சொல்லாதீர்கள். ரப்பர் பேண்டைத் தொடும் கிணறுகளைத் தனியே, உள்கிணறுகளைத் தனியே கூட்டுங்கள். ஓரக் கிணற்றை மறைத்தால் அது புறச்செருகல் ஆகிவிடுவதால் பிழை பெரிதாகத்தான் வரும். அந்தப் பெரிய எண்தான் உங்கள் ஓரக் கட்டங்களுக்குரிய நேர்மையான எண். அதுவும் கூடக் கொஞ்சம் தாராளமானது, கடைசிக் கிணற்றைத் தாண்டி ரொம்ப தூரம் போன கட்டங்களைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

வழிகாட்டி முழு வரைபடம் கேட்கிறார் என்பதற்கு நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் அருகிலுள்ள கிணறு எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்கு, சுற்றியுள்ள கிணறுகளுக்கு நடுவே மிகப் பெரிய கோண இடைவெளி எவ்வளவு என்று இன்னொன்று. கோண இடைவெளி 180 பாகையைத் தாண்டினால் எல்லாக் கிணறும் ஒரே பக்கம் இருக்கின்றன, அது புறச்செருகல். தூரம் ஒரு சராசரி இடைவெளிக்குள் இருந்தால் வண்ணம் அப்படியே இருக்கட்டும், ஆனால் மேலே சாய்கோடு போட்டு "அளவீடு இல்லை, நீட்டிப்பு" என்று குறிப்பில் எழுதிவிடுகிறேன். அதையும் தாண்டினால் வெள்ளை. பொய்க்கிணறுகளை வேறு குறியில், வெற்று வட்டமாகப் போடுகிறேன், அளந்தவை கரும்புள்ளி. இப்படிக் கொடுத்த வரைபடத்தை இதுவரை யாரும் அரைகுறை என்று திருப்பி அனுப்பியதில்லை. ஒரு முறை மட்டும், வெள்ளையாக விட்ட மூலையில் அடுத்த வருடம் இரண்டு கண்காணிப்புக் கிணறு போட முடியுமா என்று கேட்டார்கள்.